தொகுப்பும் பாணியும்: புஷ் பின் வரைகலைக்கூடத்தின் பின்னோக்கு

1. முன்னுரை

ஒரு வரைகலைக்கூடம் தன் பணிகளைத் திரும்ப எடுத்துத் தொகுக்கும்போது, அன்றாடப் பயன்பாட்டிற்கென அச்சானவை கலைப்பொருள்களாக நிலை மாறுகின்றன. இம்மாற்றத்தில் பேணப்படுவது எது, இழக்கப்படுவது எது என்பதை நியூயார்க்கின் புஷ் பின் வரைகலைக்கூடத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மில்டன் கிளேசர், சீமோர் சுவாஸ்ட், எட்வர்டு சோரல் ஆகியோர் 1954இல் தொடங்கிய இக்கூடத்தின் பணிகள் 1970இல் பாரிசு அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2004இல் அதன் இதழ் வரலாற்றைச் சுவாஸ்ட் நூலாக்கினார்.

2. பழமையை ஆளும் முறை

1950களில் வரைகலையில் சுவிட்சர்லாந்துப் பாணி செல்வாக்குப் பெற்றிருந்தது. அணிக்கோடற்ற எழுத்தும் கட்டமைந்த பக்க அமைப்பும் அதன் இயல்புகள். புஷ் பின் கலைஞர்களோ விக்டோரியா கால அச்சு வடிவங்களையும் ஆர்ட் நூவோ வளைகோடுகளையும் ஆர்ட் டெக்கோ எழுத்துகளையும் மீட்டெடுத்தனர். எனவே, பின்னோக்குதல் இக்கூடத்திற்கு இறுதியில் வாய்த்த செயலன்று. தொடக்கம் முதலே அதன் தொழில்முறையாகும்.

ஆயினும், பழமை எல்லா இடத்தும் ஒரே பணியைச் செய்யவில்லை. பாப் டிலனின் 1967ஆம் ஆண்டு இசைத்தட்டுடன் மடித்து வழங்கப்பட்ட கிளேசரின் சுவரொட்டியில், கரிய பக்கவாட்டு முகத்தின்மேல் பல வண்ணக் கூந்தல் சுருள்கிறது. முகவடிவிற்கு மார்செல் டுஷாம்பின் தன்னுருவமும், கூந்தலுக்கு இசுலாமிய ஓவிய மரபும் தூண்டுதலாயின. இங்குப் பழமை பாடகர்க்குப் பொலிவூட்டுகிறது.

1969இல் வெளிவந்த ‘புஷ் பின் கிராஃபிக்’ 54ஆம் இதழ் இதற்கு மாறானது. அமெரிக்கத் தென்மாநில வாழ்வின் இனிமையைப் போற்றும் பழம்பாணிப் படங்களோடு, குடிமை உரிமைப் போராட்டக் காலத்தில் கொல்லப்பட்டோரின் உருவங்கள் அதில் இடம்பெற்றன. தாளில் இடப்பட்ட துளை, குண்டு பாய்ந்த வடுவாக நின்றது. இங்குப் பழமை, தான் மறைத்ததைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

3. ‘பாணி’ என்னும் பெயர்

பாரிசுக் கண்காட்சி ‘புஷ் பின் பாணி’ என்னும் பெயரைத் தாங்கியது. பொலிவூட்டும் பழமையையும் குற்றஞ்சாட்டும் பழமையையும் அப்பெயர் ஒருங்கே அடக்கிவிடுகிறது. வடிவ ஒற்றுமை முன்னிற்க, நோக்க வேற்றுமை பின்தள்ளப்படுகிறது. இதழை மையமாகக் கொண்ட 2004ஆம் ஆண்டு நூல் இவ்வகையில் மேலானது. 1957 முதல் 1980 வரை வெளிவந்த 86 இதழ்களே அதன் பொருள். எனினும், தாளிலுள்ள துளையைப் படமாக அச்சிட்டால் அது வெறும் வட்டமே.

மேலும், அவ்விதழ் வாடிக்கையாளர்க்கு அஞ்சலில் அனுப்பப்பட்ட தொழில் விளம்பரமாகும். பணி தேடிச் செல்லும் ஏடு கொலையுண்டோரைச் சுமந்து சென்றது என்பதிலேயே அதன் துணிவு அடங்கியுள்ளது. பெற்றவர் யார் என்பதை அறியாதார்க்கு அத்துணிவு புலப்படாது. புறநானூற்றுப் பாடல்களின் அடியிலுள்ள குறிப்புகள், யாரை யார் எச்சூழலில் பாடினார் என்பதை உணர்த்துகின்றன. வரைகலைத் தொகுப்பிற்கும் அத்தகைய குறிப்பு இன்றியமையாதது.

4. முடிவுரை

புஷ் பின்னின் சிறப்பு ஒரு பாணியை நிலைநாட்டியதில் இல்லை. பழைய வடிவங்களை வெவ்வேறு நோக்கங்களுக்கு ஆண்டதில் உள்ளது. அந்நோக்கங்களையும் உடன் தொகுக்காத பின்னோக்கு, வடிவங்களை மட்டுமே காத்து, அவை பேசிய பொருளை இழந்துவிடும் எனலாம்.