காப்பவர் உள்ளத்து வெறுப்பு

தன்னுயிரை மாய்த்துக்கொள்ள எண்ணும் மனிதனின் உள்ளத்தை ஆராய்ந்தோர் பலர். அவனெதிரே அமர்ந்து அவனைக் காக்க முயலும் மருத்துவரின் உள்ளத்தை ஆராய்ந்தோர் சிலரே. அச்சிலருள் குறிப்பிடத்தக்கோர் அமெரிக்க மனநல மருத்துவர்களான ஜான் மால்ட்ஸ்பெர்கரும் டான் புயியும் ஆவர். தற்கொலை எண்ணம் கொண்ட நோயாளர்மீது மருத்துவருக்கு எழும் வெறுப்பே 1974இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் பொருள்.

அக்கட்டுரையின் வேர் சிக்மண்ட் பிராய்டிடம் உள்ளது. 1917இல் வெளிவந்த 'துயரமும் மனச்சோர்வும்' என்னும் கட்டுரையில், இழந்த ஒருவரை மனிதன் தன்னுள்ளேயே இருத்திக்கொள்கிறான் என்றும், அவர்மீது கொண்ட சினம் பின்னர்த் தன்மீதே பாய்கிறது என்றும் பிராய்டு விளக்கினார். 1938இல் கார்ல் மெனிஞ்சர், தற்கொலையில் கொல்லும் விருப்பு, கொல்லப்படும் விருப்பு, சாகும் விருப்பு ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன என்றார். இவ்விருவர் நோக்கும் நோயாளரிடமே நின்றது. 1949இல் இங்கிலாந்தின் வினிகாட், மருத்துவருக்கும் வெறுப்பு உண்டு என்று துணிந்து எழுதினார். அத்துணிவைத் தற்கொலைச் சிக்கலுக்குள் கொண்டு சென்றதே 1974ஆம் ஆண்டுக் கட்டுரையின் சிறப்பு.

நோயாளர் தம் பழைய உறவுகளில் கொண்ட அன்பையும் பகையையும் மருத்துவர்மீது ஏற்றிக் காண்பதை 'உணர்வு மாற்றம்' எனலாம். அதற்கு எதிரொலியாக மருத்துவர் உள்ளத்தில் எழுவது 'எதிர் உணர்வு மாற்றம்'. ஏளனத்தாலும் மௌனத்தாலும் நோயாளர் தாக்கும்போது மருத்துவரிடம் எழும் வெறுப்பை இக்கட்டுரை இரு கூறாகப் பிரிக்கிறது. ஒன்று, துன்புறுத்த விழையும் வன்மம். மற்றொன்று, விலகியோட விழையும் அருவருப்பு. இரண்டாவதே கொடிது என்பது ஆசிரியர்களின் முடிவு. வன்மத்தில் உறவு எஞ்சி நிற்கிறது. அருவருப்போ நோயாளரைக் கைவிடத் தூண்டுகிறது.

இவ்வெறுப்பு தன் சொந்த முகத்தோடு வருவதில்லை. சலிப்பாக வரும், அளவிறந்த பரிவாக வரும், 'இவர் இனித் தேறமாட்டார்' என்னும் தீர்ப்பாகவும் வரும். எல்லாரையும் குணப்படுத்துவேன், எல்லாம் அறிவேன், எல்லாரிடமும் அன்பு செலுத்துவேன் என்னும் பேராசையுடைய மருத்துவரே இதற்கு எளிதில் இரையாவார். வெறுப்பு எழுதல் குற்றமன்று. எழுந்ததை அறியாதிருத்தலே இடர். கட்டுரையின் உயிர்நாடி இதுவே.

எனினும் குறைகளும் உள. சிகிச்சை அனுபவமே இதன் சான்று. ஒப்பீட்டு ஆய்வு இதில் இல்லை. உளப்பகுப்பாய்வு மரபு அக்குறையைப் பின்னரே ஓரளவு நிறைத்தது. 1999இல் பேட்மனும் ஃபோனகியும் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வில், அம்மரபு வழிப்பட்ட சிகிச்சையைப் பெற்றோரிடம் தற்கொலை முயற்சிகள் குறைந்தமை புலனாயிற்று. மேலும், இக்கட்டுரையைப் பிழைபடப் படிப்போர், நிகழ்ந்த ஒவ்வொரு சாவுக்கும் மருத்துவரையே பழிக்கக்கூடும். நல்ல சிகிச்சைக்கிடையிலும் இழப்பு நேர்வதுண்டு.

பெருங்குறை, பார்வை இருவர் அமர்ந்த அறைக்குள்ளேயே நின்றுவிடுவது. சமுதாயத்திற்கும் இதே வெறுப்பு உண்டு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும்தான் நீங்கியது. துயருற்றவரைத் தண்டித்த அச்சட்டத்தை வன்மத்தின் பொது வடிவம் எனின் மிகையாகாது.

ஆசிரியப் பணியில் இருப்போருக்கும் இக்கட்டுரை பயன்தரும். வாழப் பிடிக்கவில்லை என ஒரு மாணவன் மீண்டும் மீண்டும் கூறும்போது, கேட்பவர் உள்ளத்தில் எரிச்சல் எழலாம். 'வெறும் நடிப்பு' என்று தள்ளவும் தோன்றலாம். அத்தோற்றமே விழிப்புக்குரிய அடையாளம். ஆசிரியர் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. அவனை விட்டு விலகாமல், பயிற்சி பெற்றவரிடம் தாமே அழைத்துச் செல்லுதல் வேண்டும். அதன் பின்னரும் அவனிடம் நலம் கேட்கும் ஒருவராக நிற்றல் வேண்டும். கைவிடப்படவில்லை என்பதை அவன் அறிய அதுவே வழி.