கோட்டைக்குக் கீழே ஒரு புறக்குடி

ஃபிரான்ஸ் காஃப்கா 1922-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எழுதத் தொடங்கி, முடிக்காமலே விட்டுச்சென்ற 'கோட்டை' என்னும் நாவல், அவர் மறைந்து ஈராண்டுகளுக்குப் பின் 1926-இல் அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் என்பவரால் வெளியிடப்பெற்றது. நூலோடு பிராட் ஒரு விளக்கத்தையும் இணைத்துத் தந்தார். இறையியலார் அருள் என்று சொல்வது எதுவோ அதுவே இக்கோட்டை. அவ்வருளோடு உறவு தேடி அலையும் மனிதனே கதைத்தலைவன் கே. என்பது அதன் சாரம். 1930-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதிய எட்வின் மியூரும் இவ்வழியே சென்று, நாம் இளமை முதல் அறிந்த 'மோட்சப் பிரயாண'த்தோடு இந்நாவலை ஒப்பிட்டார். இறையியல் பயில்வோர்க்கு இவ்விளக்கம் இனிக்கும். எனக்கும் ஒரு காலத்தில் இனித்தது. மீண்டும் வாசித்தபோதுதான், இக்கதை முழுவதிலும் கே. தேடி அலைவது முதலாவதாகப் படுக்க ஓர் இடத்தையே என்பது கண்ணில் பட்டது.

பனி மூடிய இரவில் அவன் அவ்வூர் வந்து சேருகிறான். சத்திரத்தில் அறை இல்லை. மது அருந்தும் கூடத்தின் மூலையில் ஒரு வைக்கோல் மெத்தை கிடைக்கிறது. கண்ணயர்ந்த சிறிது நேரத்திற்குள் ஓர் இளைஞன் அவனைத் தட்டி எழுப்புகிறான். இவ்வூர் கோட்டைக்குச் சொந்தம். இங்கே படுப்பவன் கோட்டையிலேயே படுத்தவன் போலாவான். பிரபுவின் அனுமதி எங்கே என்று கேட்கிறான். கேட்பவன் பிரபு அல்லன்; அதிகாரியும் அல்லன்; கோட்டையின் கீழ்நிலைக் காவலர் ஒருவருடைய மகன். மறுநாள் தோல் பதனிடுபவர் வீட்டில் சற்றே இளைப்பாறவிட்டுப் பின் வாயிலுக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள். விருந்தோம்பும் வழக்கம் இவ்வூரில் இல்லையாம். வண்டிக்காரர் ஒருவர் தம் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். இரக்கத்தினால் அன்று, தம் வீட்டு வாசலிலிருந்து அவன் அகன்றால் போதும் என்பதற்காக.

நில அளவையாளனாக அழைக்கப்பட்டேன் என்று அவன் சொல்லும் பதவியின் கதையோ இன்னும் இரங்கத்தக்கது. கீல்வாதத்தால் படுக்கையில் கிடக்கும் ஊர்த்தலைவர், அலமாரி நிறைய அடைத்த கோப்புகளை மனைவியைக் கொண்டு புரட்டச் செய்து, இரு துறைகளுக்கிடையே நேர்ந்த குழப்பத்தை விளக்கி, நில அளவையாளர் எவரும் இவ்வூருக்குத் தேவையில்லை என்கிறார். பின்னர் அவர் பெயரால் பள்ளி ஆசிரியர் கொண்டுவருவது பள்ளிக்கூட ஏவலாள் வேலை. கூலி எவ்வளவு என்பது ஒரு மாதம் பார்த்த பிறகே முடிவாகும். குடியிருப்பு ஒரு வகுப்பறை. பாடம் நடக்கும்போது அடுத்த அறைக்குப் பெயர்ந்துவிட வேண்டும். முதலில் மறுத்த கே., சத்திரத்துத் தலைவி வெளியேறச் சொன்னதால் ஏற்கிறான். அன்றிரவே குளிர் தாங்காமல் விறகுக் கொட்டகையின் கதவைக் கோடரியால் உடைக்கிறான். காலையில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வந்து நிற்கும்போது, அவனும் அவன் துணைவி ஃபிரீடாவும் படுக்கையைவிட்டு இன்னும் எழவில்லை. இப்பகுதியைச் சிரிக்காமல் வாசிக்க இயலாது. ஆனால் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட அனுபவம் உள்ளவர் நெடுநேரம் சிரிக்கமாட்டார்.

இவற்றுள் கோட்டை தன் கையால் செய்தது எது? அநேகமாக ஒன்றுமில்லை. காவலர் மகன், சத்திரத்துத் தலைவி, ஊர்த்தலைவர், ஆசிரியர் ஆகிய சிறியவர்களே, மேலிடத்தின் மனம் இன்னதாக இருக்கும் என்று தாமே ஊகித்துக்கொண்டு கதவடைக்கிறார்கள்.

பிராட்டின் விளக்கம் அமாலியாவின் வரலாற்றில்தான் முறிகிறது என்பது என் எண்ணம். தீயணைப்புச் சங்க விழாவில் சோர்ட்டினி என்னும் அதிகாரி அவளைப் பார்க்கிறான். மறுநாள் காலை இழிந்த சொற்களால் அவளை விடுதிக்கு அழைக்கும் கடிதம் வருகிறது. அவள் அதைக் கிழித்து, கொண்டுவந்தவன் முகத்தில் எறிகிறாள். தண்டனை எதுவும் மேலிடத்திலிருந்து வரவில்லை. ஆயினும் செருப்புத் தைக்கும் அவள் தந்தையிடம் கொடுத்தவற்றை ஊரார் திரும்பப் பெற்றுக்கொண்டு உறவை அறுக்கிறார்கள். தீயணைப்புச் சங்கம் அவரை நீக்குகிறது. இறுதியில் வீடும் போகிறது. அவரிடம் முன்பு வேலை செய்தவனே அதில் குடியேறுகிறான். குடும்பம் தள்ளுவண்டியில் தட்டுமுட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு குடிசைக்குப் போகிறது. மன்னிப்புக் கேட்டு அலையும் தந்தைக்குக் கிடைக்கும் பதில், உம்மீது குற்றமே பதிவாகவில்லையே, எதை மன்னிப்பது என்பதுதான். இந்நிகழ்ச்சியைப் பிராட், கீர்க்ககார்டின் 'அச்சமும் நடுக்கமும்' என்னும் நூலுக்கு இணையாக வைத்து, ஆபிரகாமிடம் கேட்கப்பட்ட பலியோடு ஒப்பிடுகிறார். மோரியாவில் ஓங்கிய கையைத் தடுக்க ஒரு குரல் உண்டு. இங்கே அப்படி எதுவுமில்லை. இச்சை கொண்ட ஓர் அதிகாரியும் அஞ்சிய ஓர் ஊருமே உண்டு. கோட்டை அருளாயின், அமாலியா செய்தது பாவம் என்றாகும். அப்படிச் சொல்ல நம்மில் எவர் துணிவார்?

ஊர் கோட்டைக்குச் சொந்தம் என்ற அம்முதல் இரவின் வாதத்தை இறையியல் மாணவர் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தோடு வைத்துப் பார்ப்பது நலம். அங்கும் நிலம் முழுவதும் ஒருவருக்கே உரியது. ஆனால் அதிலிருந்து பிறக்கும் முடிவு நேர்மாறானது: நிலம் ஆண்டவருடையதாகையால் அதில் வாழும் எல்லாருமே பரதேசிகள், புறக்குடிகள், எவரும் தமக்கே அறுதியாய் உரியதென்று பாராட்ட இயலாது. கோட்டையின் ஊரிலோ உரிமையாளர் பெயரைச் சொல்லியே புதியவனை விரட்டுகிறார்கள். சொற்கள் ஒத்திருப்பதால் பொருளும் ஒன்றென மயங்கியதே அருள் விளக்கத்தின் பிழை.

கே. குற்றமற்றவன் என்று நான் வாதிடவில்லை. ஃபிரீடாவைக்கூட மேலதிகாரியை எட்டும் வழியாக அவன் கருதினான் என்னும் பழி எளிதில் நீங்குவதன்று. தன் உதவியாளர் இருவரையும் அவன் நடத்தும் விதமும் கொடியது. பிராட்டின் பக்கம் சொல்லத்தக்கதும் உண்டு. யூதன் என்னும் சொல் நாவலில் ஓரிடத்திலும் வராவிடினும், இடம் மறுக்கப்பட்ட யூதரின் நிலையே இதில் பேசப்படுகிறது என்று அவரே பிறிதோரிடத்தில் உணர்த்தினார். அவ்வழியில் அவர் இன்னும் சிறிது தூரம் சென்றிருக்கலாம்.

காஃப்கா தம்மிடம் கூறியதாகப் பிராட் தரும் முடிவு இது: கே. சாகக் கிடக்கும் வேளையில் கோட்டையிலிருந்து செய்தி வரும். ஊரில் வாழ அவனுக்கு உரிமை இல்லை, எனினும் சில துணைச் சூழ்நிலைகளை முன்னிட்டு அங்கே வாழவும் உழைக்கவும் அனுமதிக்கப்படுகிறான். இதனை அருள் என்று போதிப்பவர், அதைக் கேட்க அவன் படுத்திருப்பது எவர் வீட்டில் என்பதையும் கேட்க வேண்டும். காஃப்கா அதை எழுதவில்லை. முதல் நாள் அவனைத் தம் வாசலிலிருந்து அகற்றிய அதே வண்டிக்காரர், இப்போது அவனால் ஓர் ஆதாயம் உண்டென்று எண்ணித் தம் குடிசைக்கு அழைத்து வருகிறார். அங்கே அவருடைய முதிய தாய் நடுங்கும் கையைக் கே.யிடம் நீட்டி, தன் அருகே உட்காரச் செய்து, ஏதோ சொல்லத் தொடங்குகிறாள். கையெழுத்துப்படி அவ்வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது.