அங்கன்வாடி டீச்சரும் போஷன் டிராக்கரும்

அரசு வேலையில் பெண்களும் தொழில்நுட்பமும் என்று பேச்சு வந்தாலே ஒரு பல்லவி கேட்கும்: பெண்களுக்குக் கருவி என்றால் பயம், பயிற்சி கொடுத்தால் சரியாயிரும். எனக்கு இது ஒப்பவில்லை. லோயர், ஹையர் பாஸ் பண்ணி அரசு அலுவலகங்களில் டைப்ரைட்டர் தட்டியவர்களில் எத்தனை பெண்கள்! கருவி அவர்கள் கையில்தான் இருந்தது. என்ன தட்டணும் என்பதுதான் வேறு மேசையில் முடிவானது.

அதே ஏற்பாடு இன்று போஷன் டிராக்கரில் தொடர்கிறது. ஒன்றிய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2021 மார்ச்சில் கொண்டுவந்த செயலி இது. திற்பரப்பு மாதிரி ஒரு பேரூராட்சியில் அரசாங்கத்தின் டிஜிட்டல் வேலையை யார் செய்கிறார் என்று கேட்டால் நான் அங்கன்வாடி டீச்சரைத்தான் காட்டுவேன். பிள்ளைகளின் வருகை, எடை, உயரம் எல்லாம் அவர் போன் வழியாகத்தான் மேலே போகிறது. எடையும் உயரமும் போட்டால் வளர்ச்சி குறைவா என்று செயலியே காட்டிவிடும். நல்ல வசதி, மறுக்கவில்லை.

சிக்கல் முக அடையாளத்தில். வீட்டுக்குக் கொடுத்துவிடும் சத்துமாவுக்கு 2025 ஜூலை 1 முதல் இது கட்டாயம். அதற்கு முன் ஆதார் சரிபார்ப்பு, அதற்கு ஓடிபி. ஆதாரில் கிடப்பது வீட்டுக்காரர் நம்பர் என்றால்? அவர் விடியக்காலமே பால்வெட்டுக்குப் போயிருப்பார் (ரப்பர் பால், வெளியூர்க்காரர்கள் மாடு என்று நினைக்க வேண்டாம்). கர்ப்பிணி மையத்தில் நிற்க, ஓடிபி தோட்டத்தில் கிடக்கும். மேலே பேச்சிப்பாறை மலைக் குடியிருப்புகளில் சிக்னலையும் தேடணும். போன் போட்டு, காத்திருந்து, நம்பரை வாங்கிப் போடுவது டீச்சர் பாடு. இந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

தகுதியானவருக்கே உணவு போய்ச் சேரணும் என்பது அரசு தரப்பு நியாயம். சரிதான். ஆனால் வாங்குபவளும் பெண், கொடுப்பவளும் பெண்; தினமும் பார்க்கிற ஒருத்தியை இவள்தான் என்று டீச்சர் சொன்னால் போதாதாம், கேமரா சொல்லணுமாம்.

1975-இல் ஐசிடிஎஸ் தொடங்கியதிலிருந்து ஒன்றிய அரசுக்கு இவர்கள் 'கௌரவ' ஊழியர்கள்தான், கொடுப்பது மதிப்பூதியம். பணிக்கொடைக்கு உரிமை உண்டு என்பதையே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாடு சிறப்பு காலமுறை ஊதியம் கொடுக்கிறது. அந்த அளவில் நம்ம நிலை மேல். ஆனாலும் சம்பளம் கேட்கும்போது தன்னார்வலர், டேட்டா கேட்கும்போது முழு ஊழியர்.

எனவே அடுத்த பயிற்சி வகுப்புக்குச் சுற்றறிக்கை போடுமுன், முகம் பொருந்தாத அன்று டீச்சர் வாக்கை ஏற்று மாவைக் கொடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை போடட்டும். பால்வெட்டு முடிந்து ஆள் வரும்வரை அந்தப் பெண் நிற்க வேண்டாமே.