கொல்லுலையில் பிறந்த அடுக்களைக் கத்தி

சிவகங்கைச் சீமையின் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு ஊர்ப்பெயரே புகழ்ப்பெயராக வாய்த்திருக்கிறது. ஆனால் அத்தகைய கொல்லுப்பட்டறைகளில் அடித்து, மரப்பிடி பூட்டி, வாரச் சந்தையில் சாக்கு விரித்துக் குவித்து விற்கப்படும் அடுக்களைக் கத்திக்கு அப்படியொரு கீர்த்தி இன்றளவும் கிட்டவில்லை. அண்மைக் காலத்தில் ஒரு சாரார் அதனைக் கைவினை என்ற பெயரால் ஆராதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மற்றொரு சாரார் துருவேறும் நாட்டுச் சரக்கென்று ஒதுக்கிவிட்டு எவர்சில்வர் கத்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவ்விரு சாராரும் கத்தியைப் பற்றித் தங்களுக்குள்ள அபிமானத்தையோ அருவருப்பையோ சொல்கிறார்களேயன்றி, கத்தியைச் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பரம்பரைப் பெருமையைப் பற்றிய ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் காய்ச்சிய உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருப்பதும், மண்மூசையில் உருக்கிய தென்னாட்டு உருக்கைப் பற்றி 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் ஆராய்ச்சி எழுதியதும், கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பாரடே 1820ஆம் ஆண்டையொட்டி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளருடன் கூடி அந்த உருக்கின் ரகசியத்தைத் தேடியதும் மெய்யான சரித்திரம். அவற்றை நினைத்து நாம் பெருமிதம் கொள்வதில் பிழையில்லை. ஆயினும் இன்று சந்தையில் வாங்கும் கத்தி அந்த உருக்கின் வாரிசு அன்று. சீமையிலிருந்து மலிவான இரும்பு வந்து குவிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மூசையுருக்குத் தொழில் நொடிந்துபோயிற்று. இப்போதைய கொல்லரின் மூலப்பொருள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடையில் நிறுத்து வாங்கிய லாரிப் பட்டை. சில இடங்களில் தேய்ந்த அரமும் பேரிங் வளையமும் அதற்குத் துணை.

லாரிப் பட்டை என்றவுடன் இகழ்ச்சியாக நினைக்க வேண்டியதில்லை. பாரம் ஏற ஏற வளைந்து, பாரம் இறங்கியவுடன் நிமிரும்படி ஆலையில் தயாரிக்கப்பட்ட அந்த உருக்கில் நூற்றுக்கு அரைப்பங்குக்குச் சற்று மேற்பட்ட கரியும், இனத்துக்கேற்ப மாங்கனீசும் சிலிக்கனும் குரோமியமும் கலந்திருக்கின்றன. முறைப்படி பதம் செய்தால் அது நொறுங்காத உறுதியையும், தேங்காய் உடைக்கவும் ஆட்டெலும்பைத் தறிக்கவும் அஞ்சாத திடத்தையும் கொடுக்கும். கீழே விழுந்தால் உடையாது. கூர் மழுங்கினாலும் வாசற்படிக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் மீண்டுவிடும். குறை எங்கிருக்கிறதென்றால், வாங்கிவந்த பட்டை இன்ன இனத்தது என்று கொல்லருக்குத் தெரியாதிருப்பதிலும், பல்லாண்டு பாரம் சுமந்து களைத்த பட்டையின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்கீறல்கள் ஓடியிருக்கக்கூடும் என்பதிலும் இருக்கிறது. சம்மட்டியடி அக்கீறலை மூடி மறைக்குமேயன்றி ஒட்டவைக்காது.

சம்மட்டியடியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அடிக்க அடிக்க இரும்பு இறுகி உரமேறுகிறது என்றும், ஆகையினால் அடித்த கத்தி வெட்டியெடுத்த கத்தியைவிட இயல்பாகவே உயர்ந்தது என்றும் ஒரு நம்பிக்கை பரவலாக இருந்து வருகிறது. மண்ணிலிருந்து காய்ச்சிய இரும்பில் கசடு மிகுந்திருந்த காலத்தில், அக்கசடைப் பிதுக்கி வெளியேற்றுவதற்கு அடியும் மடிப்பும் இன்றியமையாதனவாக இருந்தன; அக்காலத்துக்கு அந்நம்பிக்கை பொருந்தும். ஆலையில் தூய்மை செய்யப்பட்டு உருட்டியெடுத்த உருக்குக்கு அடியினால் கிடைப்பது பிரதானமாக உருவமே. அலகின் மேல் சம்மட்டித் தழும்புகளை வேண்டுமென்றே விட்டு அவற்றைத் தரத்தின் அடையாளமாகக் காட்டுவது அலங்காரம் என்ற அளவில் அழகாக இருக்கலாம். அதற்கும் வெட்டுவாய்க்கும் சம்பந்தம் இல்லை.

வெட்டுவாயின் தலைவிதி தீர்மானிக்கப்படுவது உலைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையேயுள்ள சில விநாடிகளில். கொல்லர் அலகைக் காய்ச்சி, அதன் செந்நிறத்தைக் கண்ணால் மதித்து, வெட்டுவாயை மட்டும் நீரில் தோய்த்தெடுத்து, முதுகில் தங்கியிருக்கும் சூடு மெல்லமெல்ல வாய்ப்பக்கம் இறங்கி வரும்போது, கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள் தோன்றி, அது பழுப்பாகி, ஊதாவை நோக்கி ஓடுவதைக் கவனித்து, வேண்டிய நிறம் வந்த கணத்தில் முழுவதையும் நீரில் அமிழ்த்துகிறாரே, அந்த ஒரு காரியத்தில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. வாய் கடினமாகவும் முதுகு நெகிழ்வாகவும் அமைவது இதன் பயன். அந்த மஞ்சள் ஏறக்குறைய 220 பாகை சென்டிகிரேடையும், நீலம் 300 பாகையையும் குறிக்கின்றன என்பதை உலோக நூலார் கருவிகளைக் கொண்டு அளந்து சொல்வதற்கு முன்பே, கண்ணின் பயிற்சியால் அதைப் பற்றிக்கொண்ட மரபு இது. பட்டறையைக் கூரை தாழ்த்தி இருட்டாக வைத்திருப்பது ஏழ்மையினால் மட்டும் அன்று. வெயில் வெளிச்சத்தில் தணல் நிறம் மங்கித் தெரியுமாதலால், வெளிச்சத்தில் நின்று காய்ச்சுகிறவர் தம்மையறியாமலே வேண்டியதற்கு மேல் காய்ச்சிவிடுவார்.

இவ்வளவு உயர்ந்த முறையிலும் இரண்டு பெருங்குறைகளைக் காண்கிறேன். கண்ணின் கணிப்பு ஆளுக்கு ஆள், காலைக்கு மாலை மாறுகிறது. வயதேற ஏறப் பார்வையும் மாறுகிறது. காய்ச்சல் மிஞ்சினால் உருக்கின் உள்மணிகள் பருத்து வெட்டுவாய் சிறுசிறு பல்லாக உதிரும். குறைந்தால் உருக்கு கடினமே ஆகாமல் வெங்காயத்துக்குக்கூட வாய் மடங்கும். ஒரே குவியலில் எடுத்த இரண்டு கத்திகளில் ஒன்று பத்தாண்டு உழைப்பதும் மற்றொன்று பத்தே நாளில் கைவிடுவதும் இதனால்தான். இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. கலப்பில்லாத கரியுருக்கு நீரின் வேகமான குளிர்ச்சியை வேண்டுவது. மாங்கனீசும் குரோமியமும் சேர்ந்த பட்டையுருக்கோ எண்ணெயின் நிதானமான குளிர்ச்சியிலேயே கடினமாகிவிடும், நீரில் அமிழ்த்தினால் வெடிப்புக் காணக்கூடியது. தந்தையும் பாட்டனும் கையாண்ட உருக்குக்கு நீர்த்தொட்டி பொருத்தமாக இருந்தது. பட்டறைக்குள் வரும் உருக்கு மாறிய பின்னும் பல இடங்களில் தொட்டி மாறவில்லை. பழக்கத்தைப் பரம்பரை ஞானமென்று நாம் புகழ்ந்துகொண்டே இருந்தால் கொல்லரிடம் இதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் வராது. உருக்கு ஏறக்குறைய 770 பாகையில் காந்தத்துக்கு இசையாமற் போய்விடும். ஆகவே பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்துண்டைக் கம்பியில் தொங்கவிட்டு, காய்ந்த அலகு அதை ஈர்க்காமற் போனதும் இன்னும் சிறிதே காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால், கண்ணின் பிழையில் பெரும்பகுதி செலவில்லாமலே திருந்திவிடும்.

அலகின் கனத்தைப் பற்றி அடுத்துச் சொல்ல வேண்டும். நம் கொல்லரின் பரம்பரை அறிவு அரிவாளிலும் மண்வெட்டியிலும் அரிவாள்மனையிலும் விளைந்தது. நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தரையில் அமர்ந்து, நிலைத்து நிற்கும் அலகை நோக்கிக் காயை நகர்த்தி நறுக்கினார்கள். கையில் பிடித்து நறுக்கும் கத்தி, அடுப்பு மேடைக்கு ஏறி, சமைப்பவர் நின்று வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் முதன்மை பெற்றது. அரிவாள்மனையின் அலகு கனமாக இருப்பது குணம். பலகையில் ஊன்றி நிற்பதற்கு அது வேண்டும். அதே கனத்தோடு கைக்கத்தி அமையும்போது, கேரட்டிலோ பரங்கிக்காயிலோ இறங்கிய அலகு பாதியில் ஆப்பாக மாறிக் காயைப் பிளக்கிறதே தவிர நறுக்குவதில்லை, மணிக்கட்டும் வலிக்கிறது. முதுகிலிருந்து வாய்வரை சீராக மெலிந்து வரும்படி அரத்தாலோ சாணையாலோ இழைப்பதற்கு அடிப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். சந்தை விலை அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பதில்லை. ஆகவே வெட்டுவாயில் மட்டும் ஒரு கோடு சாணை பிடித்து விற்றுவிடுகிறார்கள். தடித்த கத்தியை நாட்டுக் கத்தியின் லட்சணமென்று கொள்வது தவறு. அது முடிக்கப்படாத கத்தி.

துருவும் கறையும் பெரிதாகப் பேசப்படுகின்றன. வாழைக்காயும் வாழைப்பூவும் இரும்பில் பட்டுக் கருத்துப்போவது உண்மை. மாங்காயின் புளிப்பு அலகை அரிப்பதும் உண்மை. கழுவித் துடைத்து ஒரு துளி நல்லெண்ணெய் தடவும் வழக்கமுள்ள வீட்டில் இது ஒரு குறையாகவே தோன்றாது. கழுவும் தொட்டியில் இரவெல்லாம் பாத்திரங்களோடு ஊறவிடும் வீட்டில் இதைவிடப் பெரிய குறை இல்லை. 1913இல் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி துருவேறாத உருக்கைக் கண்டதன் அருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் பாத்திரம் செய்யும் எவர்சில்வர் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாத இனம். கத்திக்கென்று தனியினம் உண்டு. அந்த இனத்தில் முறைப்படி செய்த ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி எந்தச் சந்தைக் கத்தியையும் வென்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. மலிவுக்கு விற்கும் மெல்லிய எவர்சில்வர்த் தகட்டைவிடச் சுமாரான கொல்லர் கத்தியே மேல் என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

பிடியில்தான் இக்கத்தியின் அழகும் அவலமும் ஒருங்கே இருக்கின்றன. பூவரசும் வாகையும் கருவேலும் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும், ஈரக்கையிலும் வழுக்காது, தேய்ந்தால் அரை மணியில் வேறொன்று கடைந்து மாட்டலாம். அலகின் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் சுட்டு இறக்கி, வாயில் ஒரு பூண் அடிப்பது சாதாரண முறை. சுட்ட துளையைச் சுற்றிக் கரிந்த மரம் பொடியாக உதிர்வதால் சில மாதங்களில் பிடி ஆடத் தொடங்குகிறது. பூணின் இடுக்கு வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் வாலைத் துருவாக்கித் தின்கிறது. மீன் நறுக்கும் கத்தியானால் நாற்றமும் உள்ளே குடியேறுகிறது. துளையைச் சிறிதாகத் துளைத்து, அரக்கை உருக்கி ஊற்றி வாலை இறுக்கினால் நீர் புகாது. ஈரமரத்தை விடுத்து நன்கு உலர்ந்த மரத்தை எடுத்து, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தால் பிடி வெடிக்காது. இவை கொல்லருக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல. பிடியைத் தச்சர் வேலையாகவும், அலகு முடிந்தபின் அவசரமாகச் செருகும் உபரியாகவும் கருதியதன் விளைவு இது.

இவ்விடத்தில் ஜப்பானிய நகரமான சகாய் நினைவுக்கு வருகிறது. ஒசாகாவை அடுத்த அவ்வூரில் அலகை அடிப்பவர் ஒருவர், சாணை பிடித்து மெலிப்பவர் ஒருவர், மக்னோலியா இன மரத்தில் எருமைக்கொம்புப் பூண் வைத்துப் பிடியமைப்பவர் ஒருவர் என்று தொழில் பிரிந்திருக்கிறது; ஒவ்வொருவரும் தம் பகுதிக்கு முழு ஆயுளையும் செலவிடுகிறார்கள். கரியளவு நிச்சயமாகத் தெரிந்த உருக்கை ஷிமானே மாகாணத்து யசுகி ஆலையிலிருந்து வாங்கி, மெல்லிரும்போடு காய்ச்சி ஒட்டுகிறார்கள். அங்கும் குறையுண்டு: நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கரியேறிய அவ்வலகு எலும்பில் பட்டால் சில்லு தெறிக்கும், விலையோ எளியவர் வீட்டுக்கு எட்டாது. நம் பட்டைக் கத்தியின் திடம் அதற்கில்லை. ஆனால் புகையிலை அரியும் கத்திகளுக்குப் பெயர்பெற்றிருந்த அந்நகரத்தின் சரக்குக்குத் தோக்குகாவா ஆட்சி முத்திரை வழங்கிய காலந்தொட்டு, இன்ன இடத்தில் செய்தது என்ற பொறுப்பு அலகின் மேலேயே பதிந்து வந்திருக்கிறது. நம் சந்தைக் குவியலில் பதமறிந்து தோய்த்த கத்தியும் பதம் தவறிய கத்தியும் ஒரே விலைக்குப் போகின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நன்றாகச் செய்பவருக்கு அதிகமாக ஒரு ரூபாயும் கிடைக்காதபோது, எண்ணெயில் தோய்க்கவும், மெலிய இழைக்கவும், அரக்கு உருக்கவும் அவர் எதற்காக நேரத்தை ஈய வேண்டும்? கொல்லர் தம் பெயரெழுத்தையும் உருக்கின் இனத்தையும் அலகில் பொறித்து, வாய் மடங்கினால் மறுபடி காய்ச்சித் தோய்த்துத் தருவதாக வாக்களித்து, அதற்குரிய விலையைச் சொல்லட்டும். நாமும் பேரம் பேசாமல் அந்த விலையைக் கொடுத்து, மழுங்கியபோதும் பிடி ஆடியபோதும் கத்தியை எறிந்துவிடாமல் அதே பட்டறைக்கு எடுத்துச் செல்வோம்.