பச்சைக் கோட்டில் 5-க்கு இடமில்லை

சுடோகு என்றால் பேப்பரில் பாதி எண்ணைப் போட்டுவிட்டு மீதியை நிரப்பச் சொல்வதுதானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அம்பு போட்ட சுடோகு பார்த்திருக்கிறீர்களா? தெர்மாமீட்டர் வரைந்தது? கட்டத்துக்குள் ஒரு எண்கூட இருக்காதுங்க, வெறும் கோடுதான், அதை வைத்தே மொத்தத்தையும் போட்டுவிடலாம்!

அம்பு என்றால், அதன் கட்டங்களில் உள்ள எண்களைக் கூட்டினால் அடிவட்டத்து எண் வரணும். தெர்மாமீட்டரில் குமிழிலிருந்து எண் ஏறிக்கொண்டே போகணும். இதெல்லாம் தொட்டுக்கத்தான். விருந்து, 'ஜெர்மன் விஸ்பர்ஸ்' என்கிற பச்சைக் கோடு! கோட்டில் பக்கத்துப் பக்கத்து எண்களுக்குக் குறைந்தது 5 வித்தியாசம். விதி அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து நாமக்கல் பஸ், ஜன்னலோர சீட், மல்லூர் தாண்டிவிட்டது, மடியில் காகிதம். இப்போ நினைத்துப் பாருங்க: ஒன்பது கட்டப் பெட்டி ஒன்று, நடுக்கட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிற எட்டிலும் பச்சைக் கோடு ஓடி, புறப்பட்ட கட்டத்தைத் தொடாமல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. 5-லிருந்து 5 தள்ளி 1 முதல் 9-க்குள் எந்த எண்ணும் இல்லை, அதனால் 5 கோட்டில் ஏறவே முடியாது, நேரே நடுக்கட்டம்! 4-க்கு 9 மட்டும்தான் துணை, 6-க்கு 1 மட்டும்தான், ஒரு பெட்டிக்குள் இரண்டு 9 வராதே, அப்போ 4 கோட்டின் ஒரு முனைக்குப் போகணும், 6 மறுமுனைக்கு, இடையில் மாட்டிய 3-க்கு இருபுறமும் 8-ம் 9-ம், 7-க்கு இருபுறமும் 1-ம் 2-ம், ஐயோ, 4, 9, 3, 8, 2, 7, 1, 6, வேறு வரிசையே கிடையாது, எந்த முனையில் தொடங்குவது என்பது மட்டும்தான் பாக்கி! "வந்துருச்சு!" என்று கத்தியே விட்டேன். "ஆண்டகளூர் கேட்டே இன்னும் வரலீங்க சார்" என்றார் கண்டக்டர். வெட்கமா? எனக்கா?

அதுவும் எந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில்! நாமக்கல் நரசிம்மர் கோயில் நாமகிரித் தாயார்தான் கணிதமேதை ராமானுஜனின் குலதெய்வம். அவர் நோட்டுப்புத்தகத்தின் முதல் அத்தியாயமே மாயச் சதுரம். 1 முதல் 9 வரை போட்டு எப்படிக் கூட்டினாலும் 15 வருகிற சதுரத்தில் நடுவில் உட்காருவது யார்? அதே 5! அந்தச் சதுரத்தையும் இப்போது சுடோகுவுக்குள் விதியாக நுழைத்துவிட்டார்கள்.

2020 மே மாதம் 'கிராக்கிங் தி கிரிப்டிக்' யூடியூப் சேனலில் சைமன் ஆன்டனி போட்ட 'மிராக்கிள் சுடோகு'வைப் பாருங்கள். மிட்செல் லீ அமைத்தது. 81 கட்டத்துக்கு இரண்டே இரண்டு எண். மனுஷர் முதலில் நம்பவே மாட்டார், அப்புறம் போகப் போக அவர் முகத்தைப் பார்க்கணுமே! உலக சுடோகு போட்டியே நம் நாட்டுக்கு வந்திருக்கிறது, 2008-ல் கோவா, 2017-ல் பெங்களூரு.

குறை? ராத்தூக்கம் கொஞ்சம் போகும், அதை யார் கணக்கில் வைப்பது.

உங்களுக்கு ஒன்று தருகிறேன். ஒரே வரிசையில் படுத்திருக்கிற அம்பு, அதில் மூன்று கட்டம். வட்டத்தில் எந்தெந்த எண் வரலாம்? விடையைச் சொல்ல மாட்டேன். பென்சிலை எடுங்க.