பல்சரின் துடிப்பை எப்படி ரசிப்பது?

பல்சரின் புகைப்படத்தைத் தேடாதீர்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் அது ஒரு புள்ளிதான். ரசிக்க வேண்டியது அதன் எக்ஸ் கதிர் வரைபடத்தை. ஒரு சுழற்சிக்குள் ஒளித்துகள்களின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் வளைகோடு அது.

தொடங்க ஏற்றது ஜே0030+0451 என்ற பல்சர். சுமார் 1,100 ஒளியாண்டுக்கு அப்பால் மீன ராசி மண்டலத்தில் இருக்கும் இந்த நியூட்ரான் விண்மீன், விநாடிக்கு 205 முறை சுழல்கிறது. 2017 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் நைசர் தொலைநோக்கி, இதிலிருந்து வரும் ஒவ்வொரு ஒளித்துகளின் வருகை நேரத்தையும் மைக்ரோவிநாடிக்கும் நுட்பமாகக் குறித்தது.

முதலில் முகடுகளைப் பாருங்கள். ஒரு சுழற்சிக்கு இரண்டு. மின்னூட்டத் துகள்கள் வந்து மோதி, பத்து லட்சம் டிகிரி அளவுக்குச் சூடான பகுதிகள் நம் பக்கம் திரும்பும்போது எழுபவை அவை.

அடுத்து பள்ளங்கள். அவை எதிர்பார்க்கும் ஆழத்துக்கு இறங்குவதில்லை. கடும் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் விண்மீனின் பின்பக்க ஒளியும் ஓரளவு நமக்கு வந்துவிடுகிறது. தன் நிறைக்கு விண்மீன் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ, அவ்வளவுக்குப் பள்ளத்தின் ஆழம் குறையும்.

பிறகு முகட்டின் இரு சரிவுகளையும் ஒப்பிடுங்கள். நம்மை நோக்கி வரும் விளிம்பு கூடுதலாகவும் விலகும் விளிம்பு குறைவாகவும் ஒளிரும். விண்மீன் பெரிதானால் விளிம்பின் வேகம் கூடும். சரிவுகளின் வேறுபாடும் கூடும். ஆரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இந்த வளைகோட்டை இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டன. ஒன்று ஆரம் 12.7 கி.மீ. என்றது, மற்றொன்று 13 கி.மீ. என்றது. இரண்டிலும் பிழை வரம்பு ஒரு கி.மீ.க்குச் சற்று மேல். சூடான பகுதிகள் எதிரெதிர்த் துருவங்களில் இல்லாமல் ஒரே அரைக்கோளத்தில் இருந்ததையும் இரு குழுக்களும் கண்டன. சூடான பகுதிகள் காந்தத் துருவங்களைக் காட்டுவதால், பாடநூல் வரையும் எளிய இருதுருவக் காந்தப்புலம் இந்த விண்மீனுக்குப் பொருந்தவில்லை.

இதோடு ஜே0740+6620 என்ற மற்றொரு பல்சரை வைத்துப் பாருங்கள். முன்னதன் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு, இதன் நிறை சுமார் 2.1 மடங்கு. ஆரமோ ஏறக்குறைய அதே அளவு. இவ்வளவு கூடுதல் எடை அழுத்தியும் விண்மீன் பெரிதாகச் சுருங்கவில்லை என்றால், அதன் மையத்துப் பொருள் எளிதில் நசுங்காதது. பூமியின் எந்த ஆய்வகமும் உருவாக்க முடியாத அடர்த்தியில் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரு வளைகோடு சொல்லிவிடுகிறது.

நைசரின் தரவுகளை நாசா பொதுவில் வைத்திருக்கிறது. வளைகோடு கண்ணில் பட்டால், முகட்டோடு நிறுத்தாமல் பள்ளத்தையும் சரிவையும் படியுங்கள்.