தொண்டரும் தலைவரும்: மணிமேகலை பற்றி ஓர் ஆராய்ச்சி

மேரு என்றவுடன் புராணம் கேட்டுப் பழகியவர் மனக்கண்முன் ஒரு பொன்மலை தோன்றும். அதன்மேல் தேவர்கள் வீற்றிருப்பர். நாம் அறிந்த மேருவோ கிள்ளான் நகரத்திற்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர். அங்கே பொன்மலையும் இல்லை, தேவரும் இல்லை. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சாவகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினரும் இருக்கிறார்கள். அண்மையில் அவ்வூர்ப் பக்கம் நடந்த ஓர் இலக்கிய விழாவுக்குச் சென்றிருந்தோம். பிற்பகல் மூன்று மணிக்கே இளைஞர் பத்துப் பன்னிருவர் வந்து நாற்காலிகளை அடுக்கி, தோரணம் கட்டி, தேநீருக்கு அடுப்பு மூட்டியிருந்தனர். ஐந்து மணிக்கென்று அச்சிட்டிருந்த விழா, தலைமை வகிக்க வேண்டியவர் வந்து சேர்ந்த ஆறரை மணிக்குத்தான் தொடங்கிற்று. மாலைகள் விழுந்தன, பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. அன்றைய சொற்பொழிவின் பொருள் மணிமேகலை. சொற்பொழிவாளர் அவளுடைய அழகையும், அரசகுமாரனை அவள் மறுத்த உறுதியையும், துறவையும் ஒரு மணி நேரம் போற்றிவிட்டு அமர்ந்தார்.

நாம் புறப்படும் வேளையில், அதுவரை தேநீர் வழங்கிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி எம்மிடம் வந்தாள். வாரந்தோறும் அவ்வட்டாரப் பிள்ளைகளுக்குக் கூலி பெறாமல் பாடம் சொல்லிக் கொடுப்பவள் என்று பிறகு அறிந்தோம். “மணிமேகலை எதையெல்லாம் விட்டாள் என்று சொன்னார்கள், ஐயா. என்ன செய்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லையே?” என்றாள். அந்தக் கேள்விக்கு விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையை, உ.வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தார். அன்று தொட்டு அதைச் சமய நூல் என்பாரும், துறவு நூல் என்பாரும், சிலப்பதிகாரத்தின் பிற்பகுதி என்பாருமாகப் பலர் பலவாறு பேசி வந்திருக்கின்றனர். நமக்கோ அது முதன்மையாகத் தொண்டின் காப்பியமாகவே தோன்றுகிறது. தொண்டு எவ்வாறு தலைமையாக மாறுகிறது என்பதைத் தமிழில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய பழைய நூல் வேறொன்றை நாம் அறியோம்.

கதையை அறிந்தவர்களும் அதன் படிகளை மீண்டும் கவனிக்க வேண்டுகிறோம். மணிமேகலை கையில் அமுதசுரபி கிடைக்கிறது. அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே அரண்மனைக்குச் செல்லவில்லை. முதலில் ஆதிரை என்னும் இல்லறத்தாளிடம் பிச்சை பெறுகிறாள். பிறகு தீராப் பசியால் வருந்தும் காயசண்டிகைக்கு உணவளிக்கிறாள். அதன்பின் புகார் நகரத்தின் பொது அம்பலமாகிய உலக அறவியில், நாதியற்றோர்க்கும் நோயுற்றோர்க்கும் சோறிடுகிறாள். இறுதியாகச் சிறைச்சாலைக்குள் நுழைந்து, அங்கு வாடுவோர்க்கு உணவு தருகிறாள். காவலர் வழியாகச் செய்தி சோழன் மாவண்கிள்ளிக்கு எட்டுகிறது. அவன் அவளை வரவழைத்து, தான் செய்யத்தக்கது யாது என்று வினவுகிறான். அவளோ பொன்னும் கேட்கவில்லை, பட்டமும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுக என்கிறாள். அரசன் அவ்வாறே செய்கிறான்.

இங்கேதான் சாத்தனாரின் நுட்பம் இருக்கிறது. சோறிட்டது தொண்டு, சிறையை மாற்றியது சீர்திருத்தம். முதலாவது அன்றைய பசியைத் தீர்க்கும். இரண்டாவது நாளைய வழக்கத்தை மாற்றும். சோறிடுவதற்கு அமுதசுரபி வேண்டியிருந்தது. அரசனிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கோ எந்தத் தெய்வப் பாத்திரமும் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் சிறைக்குள் சென்று அங்குள்ளோர் முகத்தைப் பாராதவளுக்கு அக்கேள்வி தோன்றியிராது. தோன்றியிருந்தாலும் அரசன் செவிசாய்த்திரான். தொண்டு அவளுக்கு இரண்டைத் தந்தது: எதைக் கேட்க வேண்டும் என்ற அறிவு ஒன்று, கேட்பதற்குரிய தகுதி மற்றொன்று. தலைமை என்பது இவ்விரண்டின் சேர்க்கையே என்போம்.

அப்பாத்திரத்தை அவளுக்கு முன் வைத்திருந்த ஆபுத்திரனின் கதை இதனினும் கூர்மையானது. பெற்றவள் கைவிட, பசு பாலூட்டி வளர்ந்தவன் என்று நூல் கூறுகிறது. வேள்விக்காகக் கட்டப்பட்ட பசுவை அவிழ்த்துவிட்ட குற்றத்திற்காக ஊராரால் அடித்து விரட்டப்பட்டவன் அவன். மதுரைக்கு வந்து வீடுதோறும் இரந்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், பிணியாளர் ஆகியோரை அழைத்து உண்பித்து, மிஞ்சியதைத் தான் உண்டான். பாத்திரம் அவன் கைக்கு வந்தது இதன் பிறகே என்பதை மறத்தலாகாது. கையில் ஒன்றும் இல்லாத காலத்திலேயே அவன் தொண்டனாயிருந்தான். வசதி வந்த பிறகு ஊருக்கு உழைப்போம் என்று நாள் கடத்துவோர் இப்பகுதியை ஒருமுறை படிப்பது நலம்.

அவன் முடிவு துயரமானது. மழை பெய்து பாண்டி நாட்டில் பசி ஒழிந்தபோது, அவனை நாடி வருவோர் ஒருவரும் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான்; வழியில் ஆளற்ற மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். பிறர்க்கு உதவாத பாத்திரம் தன்னை மட்டும் காப்பதை அவன் உள்ளம் ஏற்கவில்லை. அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் துறந்தான். பின்னர்ச் சாவகத்தில் புண்ணியராசன் என்னும் அரசனாகப் பிறந்தான் என்கிறார் புலவர். மறுபிறப்பில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அக்கதையின் உட்பொருளை மறுக்க மாட்டோம். தெருவில் இரந்து பிறர்க்கு ஊட்டியவனே நாடாளத் தகுந்தவன் என்பது அதன் கருத்து. குலத்தால் அரசனாவதே முறையென்றிருந்த காலத்தில் ஒரு தமிழ்ப் புலவர் இவ்வாறு எண்ணியது சிறிய செய்தியன்று.

குறையும் கூறாவிடில் ஆராய்ச்சி ஆகாது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்னும் அற்புதம், பசிக்குக் காரணம் என்ன என்ற கேள்வியை மூடிவிடுகிறது. வயலில் உழைத்தவன் ஏன் பட்டினி கிடந்தான் என்று சாத்தனார் கேட்கவில்லை. பிணி, மூப்பு, சாக்காடு ஆகியவற்றோடு பசியையும் பிறவியின் துன்பமாக வைத்துவிட்டார். மேலும், இக்காப்பியத்தில் தொண்டர் தனியராகவே நிற்கிறார். பத்துப்பேர் கூடிச் செய்யும் தொண்டு அதில் இல்லை.

சேக்கிழார் தம் நூலுக்கு இட்ட பெயரே திருத்தொண்டர் புராணம். அதில் உழவாரம் கொண்டு கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் நாவுக்கரசரைக் காண்கிறோம். வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப்பந்தல் அமைத்த அப்பூதியடிகளையும் காண்கிறோம். போற்றத்தக்க செயல்களே இவை. ஆனால் அந்நூலிலேயே நந்தனார் கோயிலுக்கு வெளியே நிற்கிறார். நெருப்பில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே செல்கிறார். நெருப்பு அவரை மாற்றியதாகக் கதை சொல்கிறது. கதவை மாற்றியதாகச் சொல்லவில்லை. மணிமேகலையோ கதவையே மாற்றினாள். இரு நூல்களுக்குமுள்ள வேற்றுமை இதுவே.

ஏட்டில் இல்லாத கூட்டுத் தொண்டை இந்த மண்ணிலே நம் முன்னோர் செய்து காட்டினர். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பார்ப்போம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் ஆர்.எச். நாதன் முதலியோர் தோட்டந்தோட்டமாகச் சென்று மக்களைத் திரட்டினர். கூலி உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. கள்ளுக்கடையை மூடுக என்றனர். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க என்றனர். வயிற்றோடு மானத்தையும் சேர்த்துக் கேட்ட கோரிக்கை அது. அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது; துப்பாக்கி வெடித்தது; தொழிலாளர் உயிர் போயிற்று.

போருக்குப் பின் 1946ஆம் ஆண்டில் கெடாவில், பீடோங் வட்டார ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ.எம். சாமியின் தலைமையில் ஓர் இயக்கம் எழுந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரே தொண்டர் படை. கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்வது அதன் முதல் வேலை. கூலியில் பாதியைக் கள்ளுக்கடை விழுங்கும் வரையில் எந்தக் கூலி உயர்வும் வீடு வந்து சேராது என்பதை அவர்கள் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் போலீசாரோடு மோதல் மூண்டு, அங்கும் உயிர்கள் போயின. குடித்தவர்களைத் தண்டித்துத் திருத்த முற்பட்டதில் கட்டாயமும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. தொண்டு கட்டளையாக மாறும் இடத்தில் அதன் இனிமை கெடுகிறது. ஆயினும் கூலிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் தம்மைத் தொண்டர் என்று தாமே அழைத்துக்கொண்டது ஒரு பெரும் புரட்சி.

பெண்மக்களையும் கூறுவோம். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி, 1943இல், பதினெட்டு வயதில், ஜான்சி ராணிப் படையில் தாமே சேர்ந்தார். போர் முடிந்தபின் இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழுவோடு பணியாற்றினார். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றத் துணைநின்றார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்னும் பெயரோடு மேலவை உறுப்பினரானார். அதே படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவி, ஆண் ஆசிரியரோடு சம ஊதியம் வேண்டிப் போராடினார். இவ்விருவரையும் மேடையில் ஏற்றி வைத்தவர் எவருமில்லை. வேலையில் இறங்கினர், வேலை அவர்களை ஏற்றிற்று.

இனி நம் எழுத்தாளர்களிடம் ஒரு குறை கூற உரிமை கொள்கிறோம். நாம் படித்த தோட்டக் கதைகளுள் பலவற்றில் தோட்ட மக்கள் அழுகிறார்கள், குடிக்கிறார்கள், அடிபடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் பட்டணத்திலிருந்து படித்த வாலிபன் ஒருவன் காரில் வந்து அவர்களை மீட்கிறான். மக்களிடையே இருந்து தலைவன் முளைக்கும் கதை அரிதினும் அரிது. துன்பத்தை எழுதுவது வேண்டியதே. ஆனால் துன்பத்தை மட்டுமே எழுதினால், மீட்பவன் வெளியிலிருந்துதான் வருவான் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் வேரூன்றும். அமுதசுரபியின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டது. அற்புத நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

மேடைப் பேச்சாளர்களிடமும் ஒன்று சொல்வோம். மணிமேகலையைப் புகழுங்கள், ஆனால் அவள் துறவில் நிறுத்திவிடாதீர்கள். சிறைக்கோட்டத்துக் காதையையும் பாத்திர மரபு கூறிய காதையையும் எளிய நடையில் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். ஊர்ப்பணிக்கு மானமும் நேரமும் பாராமல் முற்படுவோனை வள்ளுவர் குடிசெயல்வகை என்னும் அதிகாரத்தில் எவ்வாறு வைக்கிறார் என்பதையும் காட்டுங்கள்.

தோட்டங்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. லயன்களில் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் சிதறிவிட்டனர். கங்காணியும் இல்லை, துரையும் இல்லை. பழைய எதிரி மறைந்தபோது பழைய ஒற்றுமையும் தளர்ந்தது. இந்நிலையில் பள்ளிக்கூடத்தின் கூரையையும், நூலகத்தின் அலமாரியையும், பாடத்தில் பின்தங்கும் பிள்ளையையும் கவனிப்பவர் எவரோ, அவரே அடுத்த தலைவர். அவரை நாம் மாலைகளுக்கிடையே தேடினால் காண மாட்டோம்.

கேள்வி கேட்ட தங்கைக்கு நம் விடை இதுதான். மணிமேகலை சோறிட்டாள், சோறிட்டதனால் சிறையைக் கண்டாள், கண்டதனால் அதை மாற்றக் கேட்டாள். நீ முதற்படியில் நிற்கிறாய், அம்மா. பாடம் சொல்லிக் கொடுக்கும் உனக்கு, அப்பிள்ளைகள் ஏன் பின்தங்கினர் என்பது மேடையில் இருந்தவர்களைவிட நன்றாகத் தெரியும். அதை உரக்கக் கேள். அடுத்த விழாவில் நாற்காலிகளை அடுக்கிவிட்டு ஒதுங்கி நிற்காதே. அவற்றுள் ஒன்றில் அமர்ந்து பேசு. கேட்பதற்கு நாம் வருவோம். ஐந்து மணிக்கே வருவோம்.